கிறிஸ்துமஸ் தாத்தா ஊருக்குப் போகிறவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள்.

இந்த டிசம்பரில் நம்மவர்களில் மூன்று குடும்பங்கள் பின்லாந்து போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், ஒருத்தி என் தங்கை மகள். மூவரும் போகிற ஊர் ஒன்றுதான்: ரோவனியேமி. பின்லாந்தின் வட பகுதியான லாப்லாந்தின் தலைநகர். கிறிஸ்துமஸ் தாத்தாவின் சொந்த ஊர் என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்யப்படும் இடம். அவர்கள் அனுப்பிய பயணத் திட்டங்களைப் பார்த்தேன். தாத்தா கிராமம், நாய்கள் இழுக்கும் பனிவண்டி, கலைமான் சவாரி, கண்ணாடிக் கூரை போட்ட அறையில் படுத்துக்கொண்டு வானத்து ஒளி பார்ப்பது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. “சார், சரித்திர வாத்தியாராகப் பார்த்து ஏதாவது சேர்க்கணும்னா சொல்லுங்க” என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். அவளுக்குச் சொல்வதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் செய்வது போல முதலில் ஒரு கேள்வி. ரோவனியேமி பழைய ஊர். இரண்டு பெரிய ஆறுகள் கூடும் இடத்தில் நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்த ஊர். 1909-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அந்த ஊரின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால், எண்பது வயதைத் தாண்டிய வீடு கண்ணில் படுவது அரிது. ஐரோப்பா என்றால் பழைய தெரு, பழைய தேவாலயம், கல் பாவிய சந்து என்றுதானே நினைப்போம்? இங்கே மட்டும் ஏன் இல்லை?

பதில் 1944 அக்டோபரில் இருக்கிறது.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால் போகவேண்டும். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் யூனியன் பின்லாந்து மீது படையெடுத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சண்டை. 1940 மார்ச் 13-இல் பின்லாந்து தன் கிழக்குப் பகுதி நிலத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு நாட்டுக்குள் வந்தார்கள். இழந்ததை மீட்கும் எண்ணத்தில் 1941-இல் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடி போரில் இறங்கியது. நாட்டின் வட பகுதியில் சுமார் இரண்டு லட்சம் ஜெர்மானிய வீரர்கள் வந்து தங்கினார்கள். ரோவனியேமிதான் அவர்களுடைய தலைமை இடம். இன்று உங்கள் விமானம் இறங்கப்போகும் விமான நிலையம் அன்று ஜெர்மன் போர் விமானங்கள் பயன்படுத்திய தளம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூன்று வருஷமும் ஜெர்மானியர் அந்த ஊருக்கு எதிரிகள் அல்ல, விருந்தாளிகள். ஊர்க்காரர்களோடு பேசிப் பழகினார்கள், சாமான் வாங்கினார்கள், விற்றார்கள். காதலும் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தன. ஹிட்லரின் படை வேறு இடங்களில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்கக்கூடாது. ஆனால் ரோவனியேமிக்காரர்கள் தினமும் பார்த்த முகம் இதுதான்.

1944-இல் காற்று திரும்பியது. செப்டம்பர் 19 அன்று பின்லாந்து மாஸ்கோவில் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, நாட்டில் இருக்கும் ஜெர்மன் படையை நீங்களே வெளியேற்ற வேண்டும். இரண்டு, இரண்டரை மாதத்துக்குள் உங்கள் ராணுவத்தைச் சமாதான கால அளவுக்குக் குறைக்க வேண்டும். அதாவது, சண்டையும் போடவேண்டும், வீரர்களை வீட்டுக்கும் அனுப்பவேண்டும். அனுபவப்பட்டவர்கள் வீடு திரும்ப, அந்தப் போரின் கடைசி மாதங்களில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள்.

போர் மூளும் முன் பொதுமக்களை வெளியேற்றினார்கள். லாப்லாந்திலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் எல்லை தாண்டி ஸ்வீடனுக்குப் போனார்கள், மற்றவர்கள் நாட்டின் தெற்கே. ரயிலிலும் லாரியிலும் ஏறியவர்கள் ஒரு பக்கம். மாடுகளை ஓட்டிக்கொண்டு நாள் கணக்கில் நடந்த பெண்களும் சிறுவர்களும் இன்னொரு பக்கம். மாட்டை விட்டுவிட்டுப் போனால் குளிர்காலத்துக்குப் பாலுக்கு என்ன செய்வது? அதுதான் கவலை. நெருக்கமான முகாம்களில் நோய் பரவிக் கைக்குழந்தைகளும் முதியவர்களும் இறந்தார்கள்.

தொடக்கத்தில் பின்லாந்துப் படையும் ஜெர்மன் படையும் ஒருவரையொருவர் தொடாமல், ஒருவர் பின்வாங்க மற்றவர் பின்னால் போவது என்று ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். சோவியத் தரப்புக்கு இது பிடிபட்டுவிட்டது. நெருக்கினார்கள். அக்டோபர் 1 அன்று பின்லாந்து வீரர்கள் தோர்னியோ துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கித் தாக்கினார்கள். நேற்று வரை கூட இருந்தவன் சுடுகிறான். ஜெர்மன் தளபதி லோதர் ரெண்டுலிச் உத்தரவு போட்டார்: பின்வாங்கும் வழியில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

நம் புறத்திணை இலக்கணத்தில் ‘எரிபரந்தெடுத்தல்’ என்று ஒரு துறை உண்டு. தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். படையெடுத்துப் போகிற மன்னன் பகைவர் நாட்டைத் தீயிடுவது அது. இங்கே நடந்தது அதன் மறுபக்கம். நாட்டைவிட்டுப் போகிறவன், தன் பின்னால் வருகிறவனுக்குக் குந்த ஒரு கூரை இருக்கக்கூடாது என்று எரித்துவிட்டுப் போனான். வீடுகள், பாலங்கள், ரயில் பாதை, தந்திக் கம்பங்கள், எதுவும் தப்பவில்லை. அக்டோபர் நடுவில் ரோவனியேமி ரயில் நிலையத்தில் வெடிமருந்து ஏற்றிய ரயில் ஒன்று வெடித்துச் சிதறியது. பின்லாந்து வீரர்கள் அக்டோபர் 16 அன்று ஊருக்குள் நுழைந்தபோது ஊரில் பத்தில் ஒன்பது பங்கு கட்டிடம் இல்லை. மரவீடுகள் எரிந்து சாம்பலாகிவிட, செங்கல்லால் கட்டிய புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நின்றன.

லாப்லாந்து போர் 1945 ஏப்ரல் 27 வரை நீடித்தது. அன்றுதான் கடைசி ஜெர்மானிய வீரர்கள் நார்வேக்குள் போனார்கள். பின்லாந்தில் இன்றும் அந்த நாள் போர் வீரர்கள் நாளாக நினைவுகூரப்படுகிறது. இந்தப் போரில் இரு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் ஆயிரம் பேர் இறந்தார்கள். மற்ற போர்க்களங்களோடு ஒப்பிட்டால் சிறிய எண்ணிக்கை. ஆனால் ஜனங்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வழியெல்லாம் கண்ணிவெடி. காட்டுக்கு விறகு பொறுக்கப் போனவர்களும் விளையாடப் போன பிள்ளைகளும் போர் முடிந்த பிறகும் வெடித்து இறந்தார்கள். கண்ணிகளை அகற்ற ஆண்டுகள் ஆயின.

ரெண்டுலிச்சுக்கு என்ன ஆயிற்று? இதே படை நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கையும் எரித்தது. அதற்காக அவர் நியூரம்பெர்க்கில் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். “ரஷ்யர்கள் துரத்தி வருகிறார்கள் என்று நம்பித்தான் செய்தேன்” என்பது அவர் வாதம். அப்போது அவர் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் அப்படி நம்பியிருக்க முடியும் என்று சொல்லி, 1948-இல் அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. பால்கன் நாடுகளில் செய்த குற்றங்களுக்காக 20 வருஷத் தண்டனை கிடைத்து, அது பாதியாகக் குறைந்து, 1951-லேயே வெளியே வந்துவிட்டார். போர்ச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். என் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள். இதைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.

இனி ஊர் எழுந்த கதை. பின்லாந்தின் பெரிய கட்டிடக் கலைஞர் அல்வார் ஆல்டோவிடம் புது ரோவனியேமிக்கான வரைபடம் போடும் வேலை வந்தது. அவர் நிலப்படத்தை விரித்துப் பார்த்தார். வடக்கு, மேற்கு, தெற்கு என்று பிரியும் சாலைகள் ஒரு கலைமானின் கொம்புகளைப் போலத் தோன்றின. அந்த உருவத்தை வைத்தே ஊரைத் திட்டமிட்டார். சாலைகள் கொம்பு, ஊர் நடுவே உள்ள விளையாட்டு மைதானம் மானின் கண். ‘கலைமான் கொம்புத் திட்டம்’ என்றே அதற்குப் பெயர். தரையில் நிற்கிறவனுக்கு இது தெரியாது. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து மேலிருந்து பாருங்கள், பிடிபடும். ஊர் வெறும் தரையாகிவிட்டதால்தான் இப்படி ஒரு படம் போட முடிந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதே சமயம் பின்லாந்து சோவியத் யூனியனுக்கு 30 கோடி டாலர் மதிப்புக்குப் போர் இழப்பீடு கட்டவேண்டியிருந்தது. பெரும்பாலும் கப்பல்களாகவும் இயந்திரங்களாகவும். 1952-இல் கடைசிப் பாக்கியையும் தீர்த்தார்கள். அதே வருஷம் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் போட்டியும் நடத்தினார்கள். ஒரு கையால் கடன் அடைத்துக்கொண்டு மறு கையால் வீடு கட்டியவர்கள்.

இப்போது தாத்தாவிடம் வருவோம். 1950 ஜூன் மாதம் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார், அமெரிக்க அதிபராக இருந்து மறைந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி, லாப்லாந்தின் மறுகட்டுமானப் பணிகளைப் பார்க்க வந்தார். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர். ஆர்க்டிக் வட்டத்தைப் பார்க்க விரும்பினார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடுதானே. ஊர்க்காரர்கள் அவசர அவசரமாக அந்த இடத்தில் ஒரு மரக்குடில் கட்டி அவரை வரவேற்றார்கள். அவர் போன பிறகு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். அந்த இடத்தைச் சுற்றித்தான் 1985-இல் கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் எழுந்தது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸில் லண்டனிலிருந்து கான்கார்ட் விமானமே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. அந்தக் குடில் இன்றும் அங்கே இருக்கிறது. எல்லோரும் தாத்தாவோடு படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். நீங்கள் ஐந்து நிமிஷம் அந்தக் குடிலையும் பாருங்கள். அந்தக் கிராமத்துக்கே விதை அதுதான்.

தாத்தாவின் ‘உண்மையான’ வீடு அங்கே இல்லை என்று பின்லாந்துப் பிள்ளைகள் சொல்வார்கள். 1927-இல் அந்நாட்டு வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர் ஒருவர், தாத்தா ரஷ்ய எல்லையில் உள்ள கொர்வத்துன்துரி என்ற குன்றில் இருக்கிறார் என்று அறிவித்தார். அந்தப் பெயருக்குக் காதுக் குன்று என்று பொருள். பிள்ளைகள் பேசுவதையெல்லாம் தாத்தா கேட்க வசதியான இடம்! ரோவனியேமியில் இருப்பது அவருடைய அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு விஷயம், சாமி மக்கள். நாம் கும்பிடும் சாமி இல்லை, அந்த இனத்தின் பெயரே சாமி. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா நான்கிலும் பரவி வாழும் பூர்வகுடிகள். பின்லாந்தில் சுமார் பத்தாயிரம் பேர். மூன்று சாமி மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. 1944-இல் அவர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களில் ஸ்கோல்ட் சாமிகளின் நிலம் பெத்சாமோ என்ற பகுதியில் இருந்தது. ஆர்க்டிக் கடலைத் தொடும் பகுதி, நிக்கல் சுரங்கம் உள்ள பகுதி. ரோவனியேமியிலிருந்து அந்தக் கடல் வரை 531 கிலோமீட்டர் சாலை 1931-லேயே போட்டு முடித்து, சுற்றுலாப் பயணிகளும் காரில் போய்வந்துகொண்டிருந்தார்கள். போர்நிறுத்த ஒப்பந்தத்தில் பெத்சாமோ சோவியத் கைக்குப் போனது. மற்ற ஊர்க்காரர்கள் சாம்பலுக்காவது திரும்பி வந்தார்கள். இவர்களுக்குத் திரும்பி வர நிலமே இல்லை. 1949-இல் செவெத்தியார்வி என்ற இடத்தில் இவர்களைக் குடியேற்றினார்கள்.

சுற்றுலா வளர்ந்ததும், சாமி அல்லாதவர்கள் அவர்களுடைய உடையைப் போல ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு பயணிகளோடு படம் எடுத்துக்கொள்வதும், இல்லாத சடங்குகளை நடத்திக் காட்டுவதும் நடந்தது. சாமி மக்களுக்கு அது வேஷம் அல்ல. யார் எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று சொல்லும் உடை. 2018-இல் பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆகவே யாராவது ‘சாமிச் சடங்கு’ என்று டிக்கெட் விற்றால், நடத்துகிறவர் யார் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வடக்கே முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் போய் இனாரியில் உள்ள சீதா அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அவர்கள் கதையை அவர்களே சொல்லும் இடம்.

தங்கை மகள் போனில் கேட்டாள், “பிள்ளைங்க சந்தோஷமா இருக்கப் போற இடத்துல போர்க்கதை எதுக்கு மாமா?” நியாயமான கேள்வி. ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். அது பனியில் உருண்டு விளையாடட்டும். ஆனால் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், சொல்லவேண்டும். வெளிநாடு என்றால் எல்லாம் ஒழுங்காக, சுத்தமாக, பணக்காரத்தனமாகவே எப்போதும் இருந்தது என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாம்தான் சபிக்கப்பட்டவர்கள் என்று ஒரு எண்ணம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்த ஒழுங்கு சாம்பலிலிருந்து எழுப்பியது, அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கடையில் நின்று சாக்லேட் விற்கிறார்கள் என்று தெரிந்தால் பார்வை மாறும். சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆகவே உங்கள் திட்டத்தில் நான் சேர்க்கச் சொல்வது மூன்றுதான்.

ஒன்று, அரை நாள் ஆர்க்டிகும் அருங்காட்சியகம். 1992-இல் திறந்தது. ஆற்றங்கரையில் 172 மீட்டர் நீளக் கண்ணாடி நடைக்கூடம். உள்ளே ஊரின் இரண்டு மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று போருக்கு முன்னிருந்த ரோவனியேமி, மற்றது எரிந்தபின் இருந்தது. பிள்ளைகளை இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். நீங்கள் எதுவும் விளக்கவேண்டாம்.

இரண்டு, ஊருக்கு வடக்கே நோர்வயார்வி ஏரிக்கரையில் உள்ள ஜெர்மானிய வீரர்களின் கல்லறை. 1963-இல் அமைத்தது. சுமார் 2,500 பேர் அங்கே அடக்கம். தன் ஊரை எரித்த படையின் பிணங்களுக்குத் தன் காட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள். எரித்தவனுக்கு மரியாதையா என்று பிள்ளைகள் கேட்டால், அந்தக் கேள்வியை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை.

மூன்று, போயன்ஹோவி ஹோட்டலில் ஒரு காபி. 1936-இல் திறந்தது, 1944-இல் எரிந்தது, 1947-இல் மறுபடி கட்டியது. ஊர் நிமிர்ந்ததும் முதலில் கட்டியவற்றில் விருந்தாளிக்கான வீடும் ஒன்று.

சில நடைமுறை விஷயங்கள். பின்லாந்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை வைக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியேமி 800 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தை விட்டு இரவு ரயிலில் போனால் பிள்ளைகளுக்குப் படுத்துக்கொண்டே போகும் குதூகலம், உங்களுக்கு ஓர் இரவு அறை வாடகை மிச்சம். டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், அதனால் வெளியில் பார்க்கவேண்டியதை நடுப்பகலில் வையுங்கள். குளிர் மைனஸ் 30 வரை போகலாம். ஒரே தடிமனான கோட்டைவிட அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வது நல்லது. கைப்பேசியை உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். வானத்து ஒளி மேகமிருந்தால் தெரியாது. தெரியாவிட்டால் மனம் நோகவேண்டாம். பின்லாந்து மொழியில் அதற்கு ‘நரி நெருப்பு’ என்று பெயர். நரி வாலால் பனியை வாரி இறைக்கும்போது பறக்கும் பொறி என்று பழங்கதை. நரி நம் சௌகரியத்துக்கா ஓடும்?

பத்திரமாகப் போய் வாருங்கள். வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தாத்தா என்ன பரிசு கொடுத்தார் என்று ஊரே கேட்கும். நான் கேட்கப்போவது, அந்த ஊரில் பழைய வீடு ஏன் இல்லை என்பதுதான். சரியாகச் சொல்கிற பிள்ளைக்கு என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம், அதுவே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்